பாரம் ஏற்றினால் மட்டும் கரைச்சல் கொடுக்கும் சைக்கிள்: எதை முதலில் பார்ப்பது

2022இல் பெற்றோல் வரிசைகள் காலி வீதியை நிறைத்து ஒழுங்கைகளுக்குள்ளும் நீண்ட நாட்களில்தான் கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள எங்கள் பலசரக்குக் கடைக்கு முதல் பாரச் சைக்கிள் வந்தது. இப்போது நான்கு நிற்கின்றன. இரண்டு 28 அங்குலச் சில்லு வைத்த பழைய பாணிச் சைக்கிள்கள், பின்னால் கனமான இரும்புக் கரியர் பூட்டியவை. ஒன்று முன்னால் பெட்டி வைத்த மூன்று சில்லு வண்டி. நான்காவது பின்பக்கம் நீண்டது, மோட்டர் உள்ளது. காலையில் அதில் என் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போவார்கள், பத்து மணிக்குப் பிறகு அதே சைக்கிளில் அரிசியும் தண்ணீர்ப் போத்தலும் போகும்.

இந்த நான்கிலும் வாரத்துக்கு ஒரு கோளாறாவது வரும். ஆரம்பத்தில் எதற்கெடுத்தாலும் சைக்கிள் திருத்தும் பாஸிடம் கொண்டு ஓடினேன். அவர் சில்லைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பார். கடைக்கு வந்து சாமான் ஏற்றியதும் அதே ஆட்டம், அதே சத்தம். நாலைந்து தடவை இப்படி நடந்த பிறகு அவரே சொன்னார்: "தம்பி, வெறும் சைக்கிளைக் கொண்டுவந்தா நான் என்னத்தைப் பார்க்கிறது? அடுத்த முறை பாரத்தோட வாங்க." அன்றிலிருந்து 19 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைச் சோதனைக்கென்றே நிரப்பி வைத்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ. கீழே "பாரத்தோடு பாருங்கள்" என்று நான் எழுதும் இடங்களில் அந்த அளவு பாரத்தை ஏற்றிக் கட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். வெறும் சைக்கிளில் தேடினால் பாதிக் கோளாறு கண்ணில் படாது.

## பின் டயரில் காற்று நிற்பதில்லை

இரவில் மெல்ல இறங்கி, காலையில் தட்டையாக இருந்தால்

முதலில் வால்வ். ஒரு சொட்டு எச்சிலையோ சவர்க்கார நீரையோ வால்வின் வாயில் வைத்துப் பாருங்கள், குமிழி வந்தால் கோளாறு அங்கேதான். பழைய பாணி டியூப் என்றால் வால்வுக்குள் ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும், வெயிலில் நிற்கும் சைக்கிளில் அது சீக்கிரம் வெடித்துப் போகும். மாற்றுவதற்குச் சில்லறைக் காசுதான், நான் எப்போதும் நாலைந்து வாங்கி மேசை லாச்சியில் போட்டு வைப்பேன். மோட்டார் சைக்கிளில் இருப்பது மாதிரியான வால்வ் என்றால் உள்ளே உள்ள ஊசியை இறுக்கிப் பாருங்கள். அதிலும் ஒன்றுமில்லை என்றால்தான் டியூபைக் கழற்றித் தண்ணீர் வாளிக்குள் போடுவது.

குழியில் விழுந்து எழும்பியதும் காற்றுப் போனால்

டியூபைக் கழற்றிப் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள், பாம்பு கடித்த தடம்போல இருக்கும். இதற்கு ஆணியும் காரணமில்லை, டியூபும் காரணமில்லை. காற்று குறைந்த டயரில் பாரத்தோடு போய் இடித்ததால் ரிம் விளிம்பு டியூபை நசுக்கியிருக்கிறது. எங்கள் கடையில் காற்றுப் போன நாட்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். பெருவிரலால் அமத்திப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்வதை நம்பாதீர்கள், அளவுமானி உள்ள பம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் அதிகபட்ச அழுத்தம் அச்சிட்டிருக்கும், பாரம் ஏற்றும் நாளில் பின் டயர் அந்த எண்ணுக்குக் கிட்ட இருக்க வேண்டும். பிறகு பாரத்தோடு பாருங்கள்: சைக்கிளுக்குப் பின்னால் குந்தி இருந்து, டயர் நிலத்தில் படும் இடத்தைக் கவனியுங்கள். கொஞ்சம் பக்கவாட்டில் பிதுங்கினால் சரி. இட்லி மாதிரி உப்பி நின்றால் காற்று போதாது.

ஒட்டுப் போட்ட பிறகும் அதே இடத்தில் மறுபடி போனால்

ஓட்டை டியூபின் வெளிப்பக்கமா, ரிம்மைத் தொடும் உட்பக்கமா என்று பாருங்கள். உட்பக்கம் என்றால் ரிம்முக்குள் ஓடும் நாடா விலகி ஸ்போக் தலை குத்துகிறது. வெளிப்பக்கம் என்றால் டயருக்குள் கண்ணாடித் துண்டோ கம்பியோ இன்னும் நிற்கிறது. துணித் துண்டு ஒன்றை டயரின் உள்ளே சுற்றி இழுங்கள், எங்கே சிக்குகிறதோ அங்கே இருக்கிறது. வெறும் விரலால் தடவ வேண்டாம்.

டயரே தேய்ந்து துணி தெரிகிறது என்றால் மாற்றுங்கள், ஆனால் வாங்கப் போகும்போது பழைய டயரின் எழுத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். 26 x 1⅜ என்பதும் 26 x 1.75 என்பதும் பெயரில் இரண்டும் 26 அங்குலம்தான், ஒன்று 590 மில்லிமீற்றர் ரிம்முக்கு, மற்றது 559க்கு, ஒன்றுக்கொன்று பொருந்தவே பொருந்தாது. பழைய பாணிச் சைக்கிளின் 28 x 1½ என்றால் 635. டாம் வீதி வரை போய் மாறி வாங்கி வந்து, திரும்பவும் போயிருக்கிறேன்.

## பின் சில்லில் ஸ்போக் உடைந்துகொண்டே இருக்கிறது

இது பாரச் சைக்கிளின் தலையான வியாதி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கே உடைந்தது என்று பாருங்கள். அச்சுக்குப் பக்கத்தில், கம்பி வளையும் கழுத்தில் உடைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் தளர்வுதான். இறுக்கமான கம்பி பாரத்தைத் தாங்கும், தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் அசைந்து அசைந்து கழுத்தில் களைத்துப் போய் முறியும்.

சோதனை எளிது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாக விரல்களால் சேர்த்து அமத்திக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். பிறகு நகத்தால் ஒவ்வொன்றையும் சுண்டுங்கள். நன்றாக இறுகிய கம்பி "டிங்" என்று பாடும், தளர்ந்தது "டொக்" என்று செத்த சத்தம் போடும். செத்த சத்தம் வரும் கம்பியில் சோக்கட்டியால் ஒரு கோடு. அவற்றை ஸ்போக் சாவியால் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கிக்கொண்டு, பிரேக் ரப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சில்லு சுழலும்போது அந்த இடைவெளி கூடிக் குறைந்தால் சில்லு வளைந்திருக்கிறது. பொறுமை உள்ளவர்கள் தாங்களே செய்யலாம். ஒரே கம்பியை இரண்டு சுற்று இறுக்கினால் சில்லு முட்டை வடிவத்துக்குப் போய்விடும், கவனம்.

ஒன்று மட்டும் உடைந்திருந்தால்: அதே நீளத்தில் ஒன்று மாற்றிவிட்டு மற்றவற்றையும் சுண்டிப் பாருங்கள். வழியில் உடைந்தால் முறிந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, பாரத்தை இறக்கி, மெல்ல வீட்டுக்கு வாருங்கள்.

ஒரு மாதத்துக்குள் மூன்று உடைந்தால்: இனி ஒவ்வொன்றாக மாற்றுவது காசுக்கு நட்டம். மிச்சக் கம்பிகளும் களைத்துவிட்டன. முழுச் சில்லையும் புதிய கம்பியில் கட்ட வேண்டும், இது பாஸின் வேலை. கட்டச் சொல்லும்போது கம்பியின் தடிப்பைக் கேளுங்கள். சாதாரணமாகப் போடுவது 14ஆம் இலக்கம், 2 மில்லிமீற்றர். பாரத்துக்கு 13ஆம் இலக்கம், 2.3 மில்லிமீற்றர், கிடைத்தால் 12, அது 2.6. இலக்கம் குறையக் குறையக் கம்பி தடிக்கும், இதில் பலர் ஏமாறுகிறார்கள். பழைய பாணிச் சைக்கிளில் முன் சில்லுக்கு 32 கம்பியும் பின் சில்லுக்கு 40 கம்பியும் வைத்தது காரணமாகத்தான். பாரம் இழுக்கத்தான் சைக்கிள் என்றால் வாங்கும்போதே பின் சில்லின் கம்பிகளை எண்ணிப் பாருங்கள், 28 கம்பி வைத்த அழகான சில்லில் அரிசி மூட்டை ஏற்ற வேண்டாம்.

மூன்று சில்லு வண்டியில் உடைந்தால்: ஓட்டுபவரைக் கவனியுங்கள். இரண்டு சில்லுச் சைக்கிள் வளைவில் சாயும், மூன்று சில்லு சாயாது, அதனால் வளைவில் முழுப் பாரமும் சில்லைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. எங்கள் பெட்டி வண்டியை ஓட்டும் பையனிடம் சந்தியில் நடை வேகத்துக்கு வந்துதான் திருப்ப வேண்டும் என்று சொன்ன பிறகு கம்பி உடைவது நன்றாகக் குறைந்தது.

## ஓடும்போது ஹேண்டில் ஆடுகிறது

வெறும் சைக்கிளில் ஆட்டம் இல்லை, பாரத்தோடு மட்டும் வால் ஆட்டுகிறது என்றால் சாவியைக் கையில் எடுக்கவே வேண்டாம். பாரத்தை இறக்கி, மாற்றி வையுங்கள். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமார் தள்ளுவண்டியில் மூட்டை அடுக்குவதை ஒரு பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும்: கனம் கீழே, கனம் அச்சுக்கு நேரே, இலேசானது மேலே. சைக்கிளிலும் அதேதான். பின் அச்சைத் தாண்டிப் பின்னால் தொங்கும் கனம் முன் சில்லைத் தூக்கிவிடும். போத்தலை ஒரு சாண் முன்னுக்குத் தள்ளிக் கட்டி ஒழுங்கை முனை வரை போய் வாருங்கள். ஆட்டம் குறைந்தால் மருந்து கிடைத்துவிட்டது.

குறையவில்லை என்றால் இந்த ஒழுங்கில் பாருங்கள். டயர் காற்று. அடுத்தது கரியர்: பாரத்தோடு ஒருவர் சைக்கிளைப் பிடிக்க, மற்றவர் கரியரைப் பக்கவாட்டில் அசைக்க வேண்டும். கரியர் தனியாக அசைந்தால் நட்டுகள் தளர்ந்திருக்கின்றன. இறுக்கினாலும் இரண்டு கிழமையில் தளரும், உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டுப் போட்டால் நிற்கும். அடுத்தது ஹேண்டில் கப், அதாவது ஹேண்டில் தண்டு சட்டத்துக்குள் திரும்பும் இடத்தில் உள்ள கிண்ணம்: முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டி, மற்றக் கையின் விரலைக் கப் மேல் வையுங்கள், "டொக்கு டொக்கு" என்று விரலில் தட்டினால் அங்கே தளர்வு. பிறகு சில்லுகளின் கோன், அதாவது அச்சின் இரு பக்கமும் உள்ள கூம்பு நட்டு: டயரின் மேல்பக்கத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். கப்பும் கோனும் இறுக்கினாலும் சரிவராவிட்டால் உள்ளே போல்ஸ் என்னும் இரும்புக் குண்டுகள் தேய்ந்திருக்கும், அதைப் பாஸிடம் கொடுங்கள்.

இவை எல்லாம் சரி, இன்னும் ஆடுகிறது என்றால் துணியால் சட்டத்தைத் துடைத்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். முன் ஃபோர்க்கின் தோள், சீட் குழாய் கீழே சேரும் மூட்டு, பின் அச்சு பிடிக்கும் இடம், கரியர் வெல்டிங். பெயின்ற்றில் முடிபோல ஒரு கோடு, அதன் ஓரத்தில் துரு, நகத்தை வைத்து இழுத்தால் சிக்குகிறது: அது வெடிப்பு. அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்துங்கள், வீடு வரை தள்ளிக்கொண்டு போங்கள். இரும்புச் சட்டத்தைக் கைதேர்ந்தவர் வெல்ட் அடிக்கலாம். அலுமினியச் சட்டத்தை வீதியோர வெல்டிங்குக்குக் கொடுக்க வேண்டாம், சூடு பட்ட இடத்தில் பலம் போய்விடும். ஃபோர்க் வெடித்தால் எந்த உலோகமானாலும் புதிது போடுவதுதான், பிள்ளை ஏறும் சைக்கிளில் இதற்கு மாற்றுப் பேச்சே கிடையாது.

## பிரேக் பிடிக்கிறது, ஆனால் நிற்கவில்லை

மழையில் மட்டும் என்றால்: ரிம் இரும்பா என்று பாருங்கள், காந்தம் ஒட்டினால் இரும்பு. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் வழுக்கும், அதை எந்த இறுக்கலாலும் முழுமையாகத் தீர்க்க முடியாது. நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே இலேசாகப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு வருவதுதான் ஓட்டுபவர் செய்யக்கூடியது. மே மாதம் தொடங்கி மழைக்காலம் முழுவதும் வேலை செய்யும் சைக்கிள் என்றால் அலுமினிய ரிம்முக்கு மாறுங்கள். பின் சில்லைக் கட்டும்போதே சேர்த்து மாற்றினால் கூலி மிச்சம்.

காய்ந்த வீதியிலும் என்றால்: ரப்பரைப் பாருங்கள், முகம் கண்ணாடிபோல் மினுங்கினால் உப்புத்தாளால் உரசுங்கள். தேய்ந்து இரும்பு தெரிந்தால் மாற்றுங்கள். ரிம்மில் எண்ணெய் பட்டிருந்தால் சவர்க்கார நீரால் கழுவுங்கள், செயினுக்கு ஒயில் விட்ட மறுநாள் பிரேக் போனால் இதுதான் காரணம். பிறகு கேபிள். பிரேக் கைப்பிடி கனமாக வந்து மெல்லத் திரும்பினால் உள்ளே துரு. உள்கம்பியை மட்டும் மாற்றிப் பயனில்லை, உறையையும் சேர்த்து மாற்றுங்கள். கம்பியில் ஓர் இழை அறுந்து நின்றாலும் அன்றே மாற்றிவிடுங்கள்.

இரும்புத் தண்டு பிரேக் என்றால் கைப்பிடி ஹேண்டிலை வந்து தொடுகிறதா என்று பாருங்கள், தொட்டால் தண்டின் இறுக்கியில் எடுத்துக்கொள்ளலாம்.

சரி செய்த பிறகு பாரத்தோடு, நடை வேகத்தில், சமதரையில் முதலில் பிடித்துப் பாருங்கள். புதுக்கடைப் பக்கத்துச் சரிவில் இறங்கிச் சோதிப்பது பிறகு. ஒயில் பிரேக் பூட்டிய சைக்கிளில் கைப்பிடி பஞ்சுபோல் அமுங்கினால் கழற்றாதீர்கள், அது தெரிந்தவரிடம் போக வேண்டியது.

## மிதிக்கும்போது குதிக்கிறது, அல்லது "டக்" என்கிறது

ஒவ்வொரு மிதிச் சுற்றுக்கும் ஒரு "டக்" என்றால்: பழைய பாணிச் சைக்கிளில் பெடல் கையைப் பிடிக்கும் கொட்டர் பின். இரண்டு பெடலையும் தரைக்குச் சமமாக வைத்து, இரண்டு காலாலும் அமத்திப் பாருங்கள், ஒரு கை கொஞ்சம் இறங்கினால் பின் தேய்ந்துவிட்டது. நட்டை மட்டும் இறுக்கி ஓட்டினால் ஒரு வாரத்தில் அச்சையே தின்றுவிடும். சுத்தியலால் அடித்துக் கழற்றும்போது அடியில் கனமான இரும்பு முட்டுக் கொடுக்காவிட்டால் உள்ளே போல்ஸ் ஓடும் பாதை கெட்டுவிடும். முன்பு செய்து பழக்கமில்லை என்றால் பாஸிடம் விடுங்கள், சின்ன வேலைதான்.

பாரத்தோடு ஏறும்போது செயின் வழுக்கிக் குதித்தால்: முதலில் பின் சில்லின் நட்டு, தளர்ந்து சில்லு முன்னுக்கு நகர்ந்தால் செயின் தொங்கும். நடுவில் விரலால் தூக்கினால் ஒன்று இரண்டு சென்ரிமீற்றர் ஆடலாம், அதற்கு மேல் கூடாது. அது சரி என்றால் அடிமட்டத்தை எடுங்கள். ஒரு பின்னின் நடுவில் தொடங்கி 24 கண்ணிகள் எண்ணினால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். 12 அங்குலத்துக்கு மேல் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடினால் செயின் மாற்றும் நேரம். அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் பற்சக்கரமும் செயினோடு சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் மட்டும் போட்டால் முன்பைவிட மோசமாகக் குதிக்கும். அடிமட்டத்தின் விலை என்ன, பற்சக்கரத்தின் விலை என்ன, யோசித்துப் பாருங்கள்.

மெரின் டிரைவ் பக்கம் சைக்கிள் நிறுத்துபவர்களுக்கு: கடற்காற்றின் உப்பு செயினைத்தான் முதலில் பிடிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவிட்டு, ஒயில் விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். வீட்டுத் தேங்காயெண்ணெய் வேண்டாம், நாள்போகப் பசையாகி மண்ணைப் பிடிக்கும். வாகனத்தில் இருந்து எடுத்த கழிவு ஒயிலும் அதே மாதிரித்தான்.

## பிள்ளை ஏறினால் மட்டும் "சர் சர்" என்று ஒரு சத்தம்

இந்தச் சத்தத்தை ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். என் மகள் பின்னால் இருந்தபோது இரண்டு நாளாக இலேசாகக் கேட்டது, மட்கார்ட் உரசுகிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அவளுடைய செருப்பு சில்லுக்குள் போய் வார் அறுந்தது. கால் தப்பியது. சத்தம் அவளுடைய செருப்பு நுனி கம்பியில் படும் சத்தம்.

அதனால் முதலில் கால். பிள்ளையை உட்கார வைத்து, நீங்கள் பக்கத்தில் நின்று, மற்றவர் சைக்கிளைத் தள்ள, காலையே பாருங்கள். கால் வைக்க மிதிபலகை இல்லாத சைக்கிளில் பிள்ளையை ஏற்ற வேண்டாம், பலகை இருந்தாலும் சில்லின் இரு பக்கமும் வலையோ பிளாஸ்ரிக் தகடோ மறைக்க வேண்டும். சேலை, துப்பட்டாவுக்கும் அதுவே பாதுகாப்பு. கால் படவில்லை என்று நிச்சயமானால் மட்டும் மட்கார்ட்டின் கம்பியைச் சற்று வளைத்து உயர்த்துங்கள், அதற்குப் பிறகும் உரசினால் கரியர் தாழ்கிறது, மேலே ஆட்டத்துக்குச் சொன்ன சோதனைகளுக்குப் போங்கள்.

நிறுத்தி வைத்தால் சாய்கிறது என்றால்: முதலில் நிலம். மழைக்குப் பிறகு மண்ணில் ஸ்டாண்ட் புதையும், ஒரு பலகைத் துண்டு போதும். பிறகு ஸ்பிரிங், பிறகு வளைந்த கால். ஒற்றைக் கால் ஸ்டாண்டைப் பாரச் சைக்கிளில் நம்பவே வேண்டாம், அகன்ற இரட்டைக் கால் பூட்டுங்கள். எது பூட்டினாலும் சாமான் முதலில் ஏற வேண்டும், பிள்ளை கடைசி. இறக்கும்போது பிள்ளை முதலில். உங்கள் கை ஹேண்டிலில் இருக்கும்போது மட்டும்.

## மோட்டர் இடையில் நின்றுவிடுகிறது

எப்போது நிற்கிறது என்பதைக் குறித்து வையுங்கள், காரணம் பாதி தெரிந்துவிடும்.

குழியில் விழும்போது நின்றால் பிளக் தளர்வு. பற்றரியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக்காகத் திறந்து பாருங்கள், பச்சை பூத்திருந்தால் துடைத்து இறுக்கிப் பூட்டுங்கள். மழையில் நின்றால் பெரும்பாலும் பிரேக் கைப்பிடியில் உள்ள மோட்டர் நிறுத்தும் சுவிட்ச், அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு முற்றத்தில் மெல்ல ஓட்டிப் பாருங்கள், மோட்டர் வேலை செய்தால் ஆள் பிடிபட்டான். சோதனை முடிந்ததும் திரும்பப் பூட்ட மறக்கக் கூடாது.

பாரத்தோடு ஏற்றத்தில் மட்டும் நின்றால் பற்றரி. 36 வோல்ட் பற்றரி முழு சார்ஜில் 42 காட்ட வேண்டும், 48 வோல்ட் பற்றரி பெரும்பாலும் 54.6. மல்டிமீற்றர் வைத்துப் பாருங்கள். சார்ஜர் பச்சை விளக்குக் காட்டிய பிறகும் அந்த எண் நன்றாகக் குறைந்திருந்தால், அல்லது முழுதாகக் காட்டிவிட்டு ஏற்றத்தில் சடாரென்று விழுந்தால், உள்ளே செல்கள் பலவீனம். நீங்களே திறக்க வேண்டாம். இன்னொன்று, மோட்டர் பின் சில்லின் அச்சில் என்றால் அச்சு நட்டையும் அச்சு சுழலாமல் பிடிக்கும் தகட்டையும் மாதம் ஒருமுறை பாருங்கள், அது தளர்ந்தால் அச்சு சுழன்று வயரை அறுத்துவிடும்.

பற்றரி உப்பியிருந்தால், சூடாகவே இருந்தால், வெள்ளத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் இந்தச் சோதனை எதுவும் செய்யாதீர்கள், வெளியே காய்ந்து தெரிந்தாலும் சார்ஜில் போடாதீர்கள். வீட்டுக்கு வெளியே, சுவருக்கும் சாமான்களுக்கும் தள்ளி, பிள்ளைகள் போகாத இடத்தில் சீமெந்துத் தரையில் வைத்துவிட்டு, பற்றரி வேலை தெரிந்தவரை அங்கேயே வரச் சொல்லுங்கள்.